பத்திரத்தில் இல்லாத வெயில்

பள்ளத்தூர் வீட்டில் நாங்கள் பதினேழு புள்ளி.
எங்களுடையது பதினொன்றாவது.
அவர் சிங்கப்பூரில். ஆகவே பேசுவது நான்.

தை மாதம்தான் கூடுவது வழக்கம்.
இம்முறை ஐப்பசியிலேயே கூட வேண்டி வந்தது:
என் அறை ஒழுகியது.

பொதுக்கணக்கு சோலையப்பனிடம்.
ஆள் சென்னையில், கணக்கு மடிக்கணினியில்,
முகப்புச் சாவி இடுப்பில்.
படப்பிடிப்பு வாடகை பொதுவுக்கு.
கல்யாண வாடகை பொதுவுக்கு.
அவரவருக்கென்று உள்ளது
பத்தடிக்குப் பன்னிரண்டு அடி, ஒரு பூட்டு,
வேறு வைத்த அன்று புகை படிந்த ஒரு மூலை.

"அறைக்கு மேலே ஒழுகினால் அறைக்காரர் செலவு."
"கூரை பொது என்றீர்களே போன வருஷம்,
நான் குரங்குக்கு வலை கட்டக் கேட்டபோது?"
"அனுமதி பொது. செலவு உங்களது."

பகலில் எனக்குக் காரைக்குடியில் வேலை,
வணிகவரி அலுவலகம், இரண்டாம் மாடி.
பில் பார்த்தே தேய்ந்த கண்.
நீர்க்கசிவுப் பூச்சு நான்கு வாளி வாங்கினேன்,
அடியில் வரி, இரண்டு வரியாக:
மத்தியத்துக்கு ஒன்பது, மாநிலத்துக்கு ஒன்பது.
பார்த்தால் சரிபாதி.
ஒன்பதை வைத்த மேசையில்
ஒருவருக்கு மட்டும் மூன்றில் ஒரு பங்கு வாக்கு.
மிச்சத்தை மற்ற எல்லோரும் பிய்த்துக்கொள்ள வேண்டும்.
முக்கால் சேர்ந்தால்தான் எதுவும் நகரும்.
அந்த ஒருவர் கை தூக்காமல் முக்கால் தேறாது,
எத்தனை பேர் கூடி நின்று தூக்கினாலும்.

எட்டாம் புள்ளி வயிரவன் தேவகோட்டையில் வக்கீல்.
பாகப்பத்திரத்தை விரித்தார்.
முப்பத்தாறில் எழுதியது, மடிப்பெல்லாம் கிழிசல்.
முகப்பு, வளவு, கிணறு, படைப்புப் பேழை: பொதுவுக்கு.
அறை, அடுப்பு, பெட்டகம்: புள்ளிக்கு.
பின்கட்டு இருவருக்கும்;
சொல் முரணினால் பொதுவின் சொல்லே நிற்கும்.
கடைசியில், மை கொஞ்சம் அழுத்தமாக,
"இதில் கண்டிராதது யாவும் பொதுவையே சேரும்."

பதினாலு வருஷம் கழித்து நாட்டுக்கு அமலான
பெரிய பத்திரத்திலும் மூன்று பட்டியல்.
மிச்சத்துக்கு இதே கதிதான்.
யாரைப் பார்த்து யார் எழுதினார்களோ,
பயம் ஒன்றாக இருந்தால்
வாசகமும் ஒன்றாக வரும் போலிருக்கிறது.

பயத்திலும் நியாயம் உண்டு.
பொது வேண்டாமென்று இங்கே ஒருவரும் சொல்லவில்லை.
பிரித்தால்
ஒரு தேக்குத் தூணில் ஆளுக்கு அரை முழம்,
அதை வைத்துக்கொண்டு எதைத் தாங்குவது?

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார் சோலையப்பன்.
ஒரு கம்பெனி, ஓட்டின் மேல் சூரியத் தகடு,
மாதம் பன்னிரண்டாயிரம்.
கடைசி வரியை இரண்டு தரம் வாசித்தார்.
வெயில் எந்தப் பட்டியலிலும் இல்லை.
ஆகவே வெயில் பொது.

"மழை?" என்றேன்.

வயிரவன் தாள்களைப் புரட்டினார்.
கிணற்றுத் தண்ணீர் இருந்தது, கால்வழித் தண்ணீர் இருந்தது.
மழை இல்லை.

"அப்படியானால் என் அறைக்குள் விழுவது
பொதுவின் தண்ணீர்."

யாரோ சிரித்தார்கள். யாரோ இருமினார்கள்.
குழு போடலாம் என்றார் ஒருவர், மலேசியாவிலிருந்து,
திரையில் பாதி முகமாக.

எழுந்து போனேன்.
கட்டிலடியில் இருந்த வாளி
விளிம்புவரை வந்திருந்தது.
சிந்தாமல் தூக்கி வந்து
பட்டாசாலையில் அவர் மேசை முன் வைத்து
ரசீது கேட்டேன்.

ஐந்தாம் புள்ளி உமையாள் போய்
ஒரு குண்டான் கொண்டுவந்தாள்.
அவளுக்கும் ஒழுகுகிறதென்று
அதுவரை எவருக்கும் தெரியாது.
பிறகு ஒரு அண்டா, ஒரு தூக்குச்சட்டி,
ஓட்டைக் கூஜா ஒன்று, வழியெல்லாம் கோடு போட்டபடி.

சோலையப்பன் மடிக்கணினியை மூடிவிட்டுப்
பழைய பேரேட்டைத் திறந்தார்.
பேனா மூடியைக் கழற்றியவர்
வெகுநேரம் அப்படியே இருந்தார்,
எந்தப் பக்கம் எழுதுவதென்று தெரியாமல்:
வரவா, பற்றா.