பிடியரிசி

பதினோரு நாள் மழை.
அருமனையில் ரப்பர் மரமெல்லாம் சும்மா நின்று நனைகிறது.
பால்வெட்டு இல்லை;
டென்னிசன் கத்தியைத் தீட்டித் தீட்டி வைக்கிறான்.

உலை வைக்குமுன் தினமும் ஒரு பிடி
சபை டப்பாவில் போட்டுத்தான் பழக்கம்.
புதன்கிழமை அதன் மூடியைத் திறந்தேன்.
என் கையால் எடுக்கத் துணிவில்லை,
ஜெபிஷாவைக் கூப்பிட்டேன்:
நாலு வயசுப் பிடி,
கடன் சின்னதாய் இருக்கட்டும்.
ஆறு பிடி.
சத்தமாக எண்ணினாள்,
கர்த்தருக்குக் கேட்கும்படி.

சனிக்கிழமை சாக்குப்பையோடு வந்தார் சுகிர்தபாய்.
சொல்லிவிட்டேன்.
டப்பாவை வாங்கி ஆட்டிப் பார்த்தார்.
“போன ஐப்பசியில நானும் எடுத்தேன் மக்கா,
அதுவும் என் கையால.”
பையில் கொட்டவில்லை.
நோட்டில் என் பெயருக்கு நேரே
ஒரு கோடு போட்டார்.
தந்ததற்கா பெற்றதற்கா,
நான் கேட்கவில்லை.
குடையை விரித்து
அடுத்த வீட்டுக்கு இறங்கிப் போனார்.

ராத்திரி சம்பாக் கஞ்சி,
காணத்துவையல்.
“கர்த்தர் வீட்டுச் சோறா இது?”
ஜெபிஷா கேட்டாள், வாய் நிறைய.
மழை கொஞ்சம் விட்டிருந்தது.
டென்னிசன் டார்ச்சோடு போய்
மரத்தைத் தொட்டுப் பார்த்து வந்தான்.
“ஈரம் இன்னும் இருக்கு” என்றான்.
இருக்கட்டும் என்றேன்.