ஏனுங்க

ஒன்றேகால் ஏக்கர், தகரக் கூரை, ஓர் ஊற்று.
"ரெண்டு பேரு மட்டுமா?" என்றார் கூக்கால் கடைக்காரர்,
உப்பு, தீப்பெட்டி, டார்ச் கட்டை என
எடுத்து வைத்துக்கொண்டே.
ரெண்டு பேர் மட்டும்தான்.
கிறுக்குப் பிடித்துவிட்டது என்று மகள் போனில் அழுதாள்.
இருக்கலாம்.

சோமனூரில் இருபத்தாறு வருஷம், எட்டுத் தறி.
அவர் காதில் பாதியை அவை நெய்து முடித்துவிட்டன.
சத்தமே வேண்டாம் என்றுதான் மலையேறினோம்.
வந்து பார்த்தால்
இந்த அமைதி எனக்கு மட்டும்தான் கேட்கிறது:
இரவில் ஊற்று சொட்டுவது,
பனி கூரையிலிருந்து வழிவது,
விடியுமுன்னே சோலைக்குள் ஏதோ ஒரு குருவி
தனக்குத்தானே சிரித்துக்கொள்வது.
வலது காதோரம் குனிந்து சொல்கிறேன்.
நேற்றைய குருவியை இன்றைக்குச் சொன்னால்
கண்டுபிடித்துவிடுகிறார்.

முதல் மழையில் பெரிய சண்டை.
விதைப்பூண்டு அழுகிப்போச்சு, விறகு நனைந்துபோச்சு,
அட்டை கடித்த கால் வேறு அரிப்பு.
பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.
நாலு மணி பஸ் போயிருந்தது.
அடுத்தது காலையில்.
இருட்டில் திரும்பி வந்தபோது
அடுப்பில் ரசம், பக்கத்தில் இரண்டு டம்ளர்.
அவருக்கு பஸ் நேரம் தெரியும்.

போன மாசம்தான் அது நடந்தது.
பீன்ஸ் கொடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார்,
முதுகு காட்டி.
மூடுபனி விலகிய இடத்தில்
ஒரு காட்டுமாடு நின்றது,
பத்தடிகூட இல்லை.
"ஏனுங்க" என்றேன்.
"ஏனுங்க! ஏனுங்க!"
கல்யாணமான நாளிலிருந்து நான் கூப்பிட்ட ஒரே பேர்
பனிக்குள் போய்க் கரைந்தது.

அப்புறம் என் வாயிலிருந்து
அது வந்தது.
"நாச்சிமுத்து!"

எதிர்மலை ஒருமுறை சொன்னது.
காட்டுமாடு தலை தூக்கியது.
அவரும்.
இருவரும் என்னையே பார்த்தார்கள்,
யாரைக் கூப்பிட்டேன் என்று தெரியாதவர்கள்போல.
பிறகு மாடு, அவசரமில்லாமல்,
இரண்டு பாத்தியை மிதித்துக்கொண்டு சோலைக்குள் போனது.

அவர் அதைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
மிதிபட்ட குச்சிகளை நிமிர்த்தினார்,
நான் சணல் கிழித்துக் கொடுத்தேன்.
ராத்திரி விளக்கணைத்த பிறகு
கம்பளிக்குள்ளிருந்து மெல்ல:
"மரகதம்,
இன்னொருக்கா கூப்புடு."

வெட்கமாக இருந்தது.
நாலு மைலுக்கு ஆளில்லை.
இருந்தும் எழுந்துபோய்
சன்னலைச் சாத்திவிட்டு வந்தேன்.