கை அசைத்தால் எரியும்

வாடகை வீடு. சுவரைத் துளைக்கக் கூடாது
என்கிறது ஒப்பந்தத்தின் ஏழாவது வரி.
ஓலு நகரத்து டிசம்பர்,
மதியம் இரண்டுக்கே பகல் கடையடைக்கும்.

அலமாரி நிழலில் வெங்காயத்தோடு
விரலையும் நறுக்கிக்கொண்ட மறுநாள்
டெல்லெர்வோ விளக்கு வாங்கப் போனாள்.

வெள்ளை விளக்கின் கீழே நீட்டினாள்:
பிணவறைக் கை.
மஞ்சளில் மறுபடி அவள் கை,
கட்டுப் போட்ட விரலோடு.

தொட்டால் எரிவது இருந்தது.
மாவு பிசையும்போது எதைத் தொட?
அசைவுக்கு எரிவதை எடுத்தாள்.
மூன்று பென்சில் பேட்டரி, முதுகில் பசை.

அரை நிமிடம் சும்மா நின்றால்
அணைந்துவிடும் என்பதைப்
பெட்டியில் எங்கும் போடவில்லை.

ஓட்ஸ் கஞ்சி கொதிக்கக் காத்திருந்தால் இருட்டு.
மின்கட்டணத் தாளை
நம்பாமல் இரண்டாம் முறை படித்தால் இருட்டு.
ஒவ்வொரு தடவையும் கை வீசுகிறாள்
ஈ ஓட்டுவதுபோல.
இந்தப் பனியில் ஏது ஈ?

நேற்று எதிர்க் கட்டடத்தின்
மூன்றாம் மாடி ஜன்னலில்
வாணலி கழுவிக்கொண்டிருந்த யாரோ ஒருவர்
சோப்பு நுரையோடு
பதிலுக்குக் கை வீசினார்.

இன்று,
விளக்கு நன்றாக எரிந்துகொண்டிருக்கும்போதே
ஒருமுறை வீசிப் பார்த்தாள்.