விளக்கக் கடிதம்

ஐயா / அம்மணி,

என் பையில் என்னென்ன இருக்கலாம் என்று
உங்களிடம் ஒரு பட்டியல் உண்டு.
தராசு, அளவு நாடா, பிரஷர் பார்க்கிற கருவி,
இரும்புக் குளிசை, பதிவுக் கொப்பி.
கத்தரிக்கோல் அதில் இல்லை.

பிள்ளை வயிற்றில் இருக்கும்வரை என் வேலை,
வருகிற நேரம் ஆஸ்பத்திரியின் வேலை.
அந்தச் சுற்றுநிருபத்தை வாசித்து விளங்கினேன் என்று
ஒப்பமும் வைத்திருக்கிறேன்.
தெரியாமல் செய்துவிட்டேன் என்று எழுதச் சொல்லி
மிஸ் எட்டியாராச்சி இரக்கத்தோடு சொன்னார்.
தெரிந்துதான் முழங்காலில் இருந்தேன்.

அன்று பெற்றோல் வரிசை
ஆமர் வீதி தாண்டிக் கிடந்தது.
ஸுமையாவின் புருஷன் ஓட்டோவோடு அதற்குள்,
முன்னுக்கும் போகேலாது பின்னுக்கும் வரேலாது.
அம்புலன்ஸுக்கு நாலு தரம் அடித்தேன்.
நாலாவது தரம் பேசும்போது
தலை தெரிந்தது.

அடுத்த வீட்டுத் தையல்காரரின் கத்தரிக்கோல்.
கேத்தலில் கொதிக்கவைத்தோம்,
காஸ் முடிகிறதுக்குள்.
கட்டியது வெள்ளை நூல், அதுவும் கொதித்தது.
நச்சுக்கொடியை ஐஸ்கிரீம் டப்பா ஒன்றில் மூடி
விடிய டி சொய்சாவுக்குக் கொண்டுபோனேன்,
முழுசாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி.
இருந்தது.
பெண் பிள்ளை, இரண்டு தசம் ஒன்பது.
தராசு பட்டியலில் உள்ளதுதான்.

பதிவாளர் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது.
பிறந்த இடம் என்கிற கட்டத்தில்
பேனை நின்றது.
"அப்படியொரு வீடு இல்லையே."

இல்லைதான்.
வாக்காளர் இடாப்பில் இல்லை,
கிராம சேவகரின் கொப்பியில் இல்லை.
கால்வாய்க் கரையில் உடைக்கவேண்டியவை என்று
வந்து எண்ணிப் போனவர்கள்
தகரத்தில் சிவப்புப் பெயின்றால் அடித்த
63 மட்டும் இருக்கிறது.

பிறந்த இடத்தில்தான் பிறந்தது என்றேன்.
வேறெங்கும் எழுதினால்
அது பொய்ப் பதிவாகிவிடும் என்று
அவருடைய சட்டத்தையே அவருக்குச் சொன்னேன்.
மின்விசிறி நின்று, கரண்ட் போய்,
திரும்ப வந்த பிறகு எழுதினார்:
இல. 63, கால்வாய்க் கரை, கிராண்ட்பாஸ்.
சிங்களத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை.

ஸுமையா சான்றிதழை வாசிக்கவில்லை,
அந்த வரியை மட்டும் விரலால் தடவினாள்.
பத்துப் பிரதிக்கு எவ்வளவு என்று கேட்டாள்.

கேட்ட விளக்கம் இவ்வளவே.
தையல்காரர் கத்தரிக்கோலைத்
திருப்பிக் கேட்கவில்லை.
அது இப்போது என் பையில் இருக்கிறது என்பதையும்
இத்தால் அறியத் தருகிறேன்.