கிருதுமால் கரை, மூன்றாம் ஞாயிறு

வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டியவர்கள்
நாற்பத்திரண்டு பேர்.
வந்தது ஐந்து.
அதில் ஒருவர் பால் வாங்கப் போகிற வழியில்
வேடிக்கை பார்க்க நின்றவர்,
பையைச் சைக்கிளில் மாட்டிவிட்டு இறங்கிவிட்டார்.

ஆட்டோ ஓட்டும் சோலைராணிதான் கையுறை கொடுத்தாள்.
எனக்குக் கிடைத்த இரண்டும் இடக்கை.

ஏட்டில் இது ஆறு.
எங்களுக்குப் பழைய மெத்தை எறிகிற இடம்.
போன வாரம் நான் வீசிய தெர்மாக்கோல்
முள்ளில் சிக்கி என்னையே பார்த்தது.
யாரிடமும் சொல்லவில்லை.
முதலில் அதை எடுத்தேன்.

அப்புறம் அந்த மூட்டை.
நனைந்த தலையணையோ, எந்தக் கடைக் கோழிக்கழிவோ,
அசையவில்லை.
மறுமுனையைப் பிடித்த கையை
நிமிர்ந்து பார்த்தால்
துளசிராம்.

ஆறு வருஷம். ஒன்றரை அடிச் சுவர்.
போலீஸ் ஸ்டேஷனில் இரண்டு மனு.
அவர் மகள் கல்யாணத்துக்கு
எங்கள் வீட்டுக்கு மட்டும் பத்திரிகை இல்லை.
ஜன்னலைச் சாத்திக்கொண்டு
நாதஸ்வரம் கேட்டேன்.

"ம்" என்றார்.
"ம்" என்றேன்.
தூக்கினோம்.

பாதி மேட்டில் மூட்டை கிழிந்து
இரண்டு பேர் முழங்காலிலும் ஒரே நாற்றம்.
சோலைராணி சிரித்த சிரிப்பில்
அக்கரை மாடியில் துணி காயப்போட்ட பெண்
எட்டிப் பார்த்துக் கேட்டாள்:
"அடுத்த வாரமும் உண்டா?"

சுவர் அப்படியேதான் இருக்கிறது.
மனுவை யாரும் வாபஸ் வாங்கவில்லை.
பருத்திப்பால் வந்தபோது மட்டும்
என் டம்ளரையும் சேர்த்து அவர் பிடித்துக்கொண்டார்,
சூட்டில் கை மாற்றி மாற்றி,
நான் கழுவிவிட்டு வரும்வரை.