சத்தம் வராத அடி

நவம்பரில் பிளோவ்திவ் முழுக்க முட்டைக்கோஸ் வாங்கும்.
மற்றவர்கள் ஊறப்போட.
நான், அடிக்க.

திரையில் ஒருவன் தாடையில் குத்து விழும்போது
ஒலிக்கூடத்து இருட்டில்
என் கை ஒரு கோஸில் இறங்கும்.
எலும்பு முறிய செலரித் தண்டு.
மண்டை தரையில் மோத
ஈரத் துண்டில் சுற்றிய தர்ப்பூசணி,
அது கிடைக்காத மாதங்களில் பரங்கி.
கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஸ்டொயில் சொல்வார்:
"இன்னும் கொஞ்சம் கனமா, ராதோஸ்தினா."
நசுங்கியது மாலையில் சூப்பாகும்.

ஞாயிறுகளில் கலின் என் படங்களைப் பார்ப்பான்.
ஒவ்வொரு குத்துக்கும் திரும்பி,
"இது நீயாம்மா?"
தலையாட்டியிருக்கிறேன்,
கொஞ்சம் பெருமையாகவே.

திங்களன்று பள்ளியிலிருந்து அழைப்பு.
ஆசெனை அடித்துவிட்டானாம்.
மூன்று முறை, ஒரே இடத்தில்.
அந்தப் பல் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்ததுதான் என்றார் ஆசிரியை,
எனக்கு ஆறுதலாக.

பஸ்ஸில் கேட்டேன்: ஏன்டா மூன்று முறை?
ஜன்னல் ஆவியில் விரலால் கோடிழுத்தபடி சொன்னான்,
ஏழு வயது:
"சத்தமே வரலம்மா.
சரியாப் படலன்னு நினைச்சேன்."

அதற்குமேல் நான் கேட்கவில்லை.
இறங்கும்போது அவனே சொன்னான்:
"கடைசியா வந்துச்சு. அவன்கிட்டேருந்து.
பூனை இருமின மாதிரி."

பதினொரு வருடத்துச் சத்தங்களைத்
தேதியிட்டு அடுக்கி வைத்திருக்கிறேன்.
இரவு முழுக்கத் தேடினேன்.
அது இல்லை.

இன்று காலை, மிச்சமிருந்த சண்டைக் காட்சி.
கையில் கோஸ்.
சிவப்பு விளக்கு எரிகிறது.
"நீ ரெடின்னா அடி" என்கிறார் ஸ்டொயில்.