ஓர் இரவுக் கிடை

பள்ளத்தூர் தாண்டி
தைலமரக் காட்டோரம் வண்டியை நிறுத்தினோம்.
டெம்போவுக்குள் ஒரு கட்டில், ஒரு ஸ்டவ்,
இருபது லிட்டர் கேனில் பாதித் தண்ணீர்.

பதினொன்றரைக்கு ஜீப் வந்தது.
டார்ச் வெளிச்சம் முதலில் சக்கரத்தைப் பார்த்தது,
பிறகு என் நைட்டியை.
"காரைக்குடியில லாட்ஜ் இல்லையா?"
இருக்கிறது.
"அப்புறம்?"
அப்புறத்துக்கு எங்களிடம் ஆவணம் இல்லை.
ஆர்.சி. இருந்தது, இன்சூரன்ஸ் இருந்தது.
வயிரவன் குக்கரைக்கூடத் திறந்து காட்டினான்.

அப்போது இருட்டு இருமியது.
பக்கத்துத் தரிசில் முந்நூறு ஆடுகள்,
வலையோரம் கம்பளியும் கம்புமாய்ச் சாத்தையா.
"நம்ம கிடைதான் ஏட்டையா, விடுங்க."

ஜீப் போய்விட்டது.
எந்த வகையில் நம்ம என்று
அவர் சொல்லவில்லை,
நாங்களும் கேட்கவில்லை.

ஓர் இரவு தங்கியதற்கு
அவருக்கு வயல்காரர் நெல் அளப்பாராம்.
எங்களை எழுப்பி விரட்டவோ
ஊருக்கு ஊர் ஓர் ஆள்.
புழுக்கைதான் வித்தியாசம் போலும்.

விடிந்தபோது ஆடுகள் மேயப் போயிருந்தன.
அவை படுத்த சதுரம் மட்டும்
கறுத்து, ஈரமாய், மூக்கைத் துளைத்தது.
எங்கள் பக்கம்
செம்மண்ணில் நான்கு டயர் பள்ளம்.

வடிகட்டியைக் கவிழ்த்து
டீச்சக்கையைத் தரிசில் தட்டினான் வயிரவன்.
"வாடகை" என்றான்.